பென்சிலால எழுதின பேர்

கதை முடியுமட்டும் போனை எல்லாம் கவிட்டு வையுங்கோ. றிச்சர்ட், உனக்குந்தான். சிரிக்கிற ஆக்கள் இப்பவே எழும்பி மேல போகலாம்...

தை மாதம். பின்னேரம் ஆறு மணிக்கே கும்மிருட்டு. ரெக்ஸ்டேலில வெறும் குடோன்கள் மட்டும் இருக்கிற ஒரு றோட்டு. கடைசி லொறியும் போயிட்டுது. ஸ்னோ கொட்டுது. பஸ் ஸ்ரொப்பில ஒருத்தி தனிய நிக்கிறாள். எங்கட யேசுரட்ணம் அங்கிளின்ர மருமகள், எமில்டா.

அவள் வேலை செய்யிறது அங்க ஒரு ஆராய்ச்சி லாப்பில. பசிபிக் கடலில, அந்தக் காலத்தில அணுகுண்டு வெடிச்சுப் பாத்த தீவுகள் இருக்கெல்லோ... அங்க போய் மீன், சிப்பி பிடிச்சு, உறைய வைச்சு இஞ்ச கொண்டுவந்து, அதுகளின்ர உடம்பில இன்னும் அணுக்கதிர் கிடக்கோ எண்டு பாக்கிறது. மருந்துத் தண்ணியில ஊறப்போடக் கூடாதாம், கதிர் அதுக்குள்ள கரைஞ்சு போயிடுமாம். ஒவ்வொரு மீனுக்கும் செவுளால நூலை விட்டு, மீனின்ர வாயால வெளிய எடுத்து, ஒரு கடதாசித் துண்டு கட்டுவினம். அதில இடம், திகதி, பிடிச்ச ஆளின்ர பேர். எல்லாம் பென்சிலால. பேனை மை எண்டால் கடல்தண்ணியில ஊறிப்போடும்.

போன ஐப்பசியில எமில்டாவும், கூட வேலை செய்யிற நிலக்சியும் அந்தத் தீவுகளுக்குப் போனவை. ரெண்டு பேரும் ஒரே நாளில வேலைக்குச் சேந்தவை. ஆனா கடலுக்குள்ள குதிச்சால், நல்ல மீனெல்லாம் நிலக்சியின்ர கையிலதான் அம்பிடும். எமில்டாவுக்குச் சின்னன்தான். வயிறு பத்தி எரியும். சும்மா எரிச்சல் இல்லை... நித்திரை வராத எரிச்சல்.

கடைசி நாள் குதிச்ச நிலக்சி மேல வரேல்லை. உடம்பும் கிடைக்கேல்லை.

மீன் பெட்டிகள் மட்டும் வந்து சேந்துது. லாப்பின்ர பெரியவர் அன்ட்ரூ கண் கலங்கி, இந்த ஆராய்ச்சிக்கு நிலக்சியின்ர பேரையே வைப்பம் எண்டார். எமில்டா பிடிச்சது காணாது, அடுத்தமுறை வேற ஆளை அனுப்புவம் எண்டும் சொல்லிப்போட்டார். செத்தும் விடுறாள் இல்லையே எண்டு எமில்டா பல்லைக் கடிச்சாள்.

அண்டைக்கு எல்லாரும் போனாப் பிறகு பெட்டியைத் திறந்தாள். றப்பரால நிலக்சியின்ர பேரை அழிச்சு, தன்ர பேரை எழுதினாள். ஒவ்வொரு துண்டிலயும். கடைசியா ஒரு பெரிய கலவாய் மீன்... வாயைத் திறந்தபடி உறைஞ்சு கிடக்குது. அதின்ர துண்டை அழிக்கேக்க, நூலை உள்ளுக்க இருந்து ஆரோ இழுத்தமாதிரி இருந்ததாம். ஐஸ் இளகுது எண்டு நினைச்சு, மூடிப்போட்டு வெளிக்கிட்டாள்.

இப்ப பஸ் ஸ்ரொப்பில நிக்கிறாள். கோட்டுப் பொக்கற்றுக்குள்ள கதிர் எண்ணுற சின்னப் பெட்டி. டிக்... டிக்... வழக்கமா அப்பிடித்தான் கேக்கும். பிறகு... டிக் டிக் டிக் டிக்.

பின்னால ஈர வெறுங்கால் சத்தம். சளக்... சளக்... அந்தக் குளிருக்குள்ள உப்பு மணம். இளகின மீன் மணம். எமில்டா திரும்பேல்லை. காதடியில, மூச்சே இல்லாத ஒரு குரல்.

"என்ர பேரை ஏனடி அழிச்சனி?"

நல்ல காலம், பஸ் வந்துது. விழுந்தடிச்சு ஏறினாள். கண்ணாடியால பாத்தால் ஒருத்தரும் இல்லை. அவள் நிண்ட இடத்துக்குப் பின்னால மட்டும் ஸ்னோ கரைஞ்சு, ரெண்டு கால் அளவுக்குத் தண்ணி.

வீட்டை போய்ச் செபமாலையும் கையுமாப் படுத்தாள். விடிய முதல் வேலையாப் போய்ப் பேரெல்லாம் திருப்பி எழுதிறதெண்டு முடிவு. ஆனா கேளுங்கோ... அந்தக் கலவாயை மட்டும் தன்ர பேரிலயே விடுவம் எண்டு நினைச்சாளாம். அந்த நிலைமையிலயும்!

விடிய எழும்பினால் தொண்டைக்குள்ள ஏதோ அரிக்குது. வாயெல்லாம் உப்பு. விரலை விட்டுப் பாத்தால்... நூல். இழுத்தாள். வருகுது. இன்னும் இழுத்தாள்... ஒரு ஈரத் துண்டு தலாணியில வந்து விழுந்துது. பென்சில் எழுத்து. நிலக்சியின்ர கையெழுத்து.

இடம், ரெக்ஸ்டேல். பிடிச்ச ஆள், நிலக்சி.

திகதி மட்டும் இன்னும் எழுதேல்லை.