எட்டுச் சுற்று பேண்டேஜ் துணி

என் பெயர் தேவகிருபை. வயது முப்பத்துநாலு. காலஞ்சென்ற எலியேசரின் மனைவி. ராஜபாளையம் வேதக்கோயில் தெருவில் குடியிருக்கிறேன். இவ்வூர் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஐந்து வருஷமாகத் தறி ஓட்டி வருகிறேன்.

சண்டை முடிந்து, இனித் துணி வேண்டாம் என்று பட்டாளத்தார் எழுதிய பிறகும் மேனேஜர் சுப்புராஜ் தறிகளை நிறுத்தவில்லை. துணி அடுக்கும் கிட்டங்கி நிறைந்தது. அதன் பிறகு சாப்பாட்டுக் கொட்டகை நிறைந்தது. அதன் பிறகு தம்முடைய அறையிலும் துணியை அடுக்கச் சொல்லிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு எங்களை மேற்பார்த்தார். "யாருக்குய்யா இம்புட்டுத் துணி?" என்று கேட்டேன். "இன்னொரு சண்டை வராமலா போயிரும்" என்றார். அவர் அறிவு அம்புட்டுத்தான்.

இந்த மாதம் நாலாம் தேதி காலையில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துபோனார். கோடித்துணி வாங்கக் கண்ட்ரோல் கடைக்குப் போனேன். கார்டுக்குத் துணி வரவில்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். அதன் பிறகு கம்பெனிக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன். "ஏட்டி, இது காயம் பட்டவனுக்குள்ள துணி. செத்தவனுக்குக் குடுக்க ரூல் இல்ல" என்றார். மேற்படி துணியில் எலி குட்டி போட்டிருந்தது. அந்த எலிக்குக் காயம் ஒன்றும் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் பார்க்கவே எட்டு பீஸ் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். சல்லடை மாதிரித் துணி. ஒரு சுற்றுக்கு உடம்பு அப்படியே தெரியும் என்று நெய்த எனக்குத் தெரியும். எட்டாவது சுற்றில்தான் மனிதர் மறைந்தார். அன்று சாயங்காலம் அவருடைய சொந்த ஊரான வன்னியம்பட்டியில் அடக்கம் செய்தோம்.

களவு போன துணியைத் திருப்பிக் கொடுத்தால் மேனேஜர் வழக்கை விட்டுவிடுவார், இல்லாவிட்டால் ஜெயில் என்று இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னார்கள். துணி மண்ணுக்குள் என் புருஷன் மேல் இருக்கிறது. சுப்புராஜுக்கு வேண்டுமென்றால் அவரே மம்மட்டியோடு வந்து தோண்டி, எட்டுச் சுற்றையும் தம் கையால் அவிழ்த்து, கிட்டங்கியில் இடம் இருந்தால் அடுக்கிக்கொள்ளட்டும். நான் அவிழ்க்க மாட்டேன். ஜெயிலுக்குப் போகிறேன்.

மேலே கண்டதை ஏட்டு பால்சாமி வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. ரேகை வைத்த பின் விரல் மையைத் துடைக்க, மேனேஜர் அடையாளத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன துணியில் ஒரு துண்டைக் கிழித்து ஏட்டு நீட்டினார். அதை நான் தொடவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்.

தேவகிருபை, இடது பெருவிரல் ரேகை
ராஜபாளையம், 11-2-1946