விளையாட்டுக் காசில் தோற்றவள்

வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவர் சொன்னார்:

“என் மக மாசக்கணக்காத் தோத்துக்கிட்டே இருந்தா. எனக்கு அம்புட்டுப் பெருமையா இருக்கு.”

“என்னக்கா சொல்றீங்க?”

“பங்குச் சந்தையில காலையில வாங்கி சாயங்காலத்துக்குள்ள விக்கிறாங்கல்ல, டே டிரேடிங்னு, அதுக்கு ஒரு கோர்ஸ். ரிசார்ட்ல வேல பாத்து சம்பளத்துல சேத்து வச்சதக் கட்டப் போறேன்னு நின்னா. நான் தடுக்கல. கட்டுறதுக்கு முன்னாடி அவளே போன்ல, நெசப் பணம் போடாம வெறும் வெளையாட்டுக் காசு வச்சு தெனமும் செஞ்சு பாத்திருக்கா.”

“ஜெயிச்சாளா?”

“ஒரு நாள் ஜெயிப்பா, மறுநாள் அம்புட்டும் போயிரும். சொல்லிக் குடுக்குற சாருகிட்ட, நீங்க செஞ்ச யாவாரத்தக் காட்டுங்கன்னு கேட்டிருக்கா. அவரு, சேரப் போறவங்களுக்குன்னு வச்சிருந்த வாட்ஸ்அப் குரூப்ப விட்டே இவளத் தூக்கிட்டாரு. ‘அம்மா, எனக்கு இது வரல. அவருக்கு வருதான்னும் தெரியல. நான் கட்டல’ன்னுட்டா. கூடப் படிச்சதுக எல்லாம் கட்டிருச்சுக. தோத்தேன்னு சொல்ல இவ வெக்கப்படவே இல்ல.”

பேருந்து இரண்டு வளைவுகளைக் கடந்தது. இளையவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரரும் அந்தக் கோர்ஸுக்குத்தான் என் நகையக் கேக்குறாரு. அவள ஒருதடவ வீட்டுக்கு வரச் சொல்றீங்களாக்கா?”

“அத நான் சொல்லக் கூடாது. நீயே போன் போட்டு முறையாக் கூப்பிடு,” என்றார் மூத்தவர். “என் மகளுக்கும் ஒரு மரியாத இருக்குல்ல.”