கம்ப்யூட்டருக்கு ஒரு மெத்தை

...சத்தம்னா சாதாரண சத்தமா சார் அது? காலையில அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியப் போட்டதும் மொதல்ல ஒரு உறுமல். அப்புறம் 'ஙொய்ய்ய்'னு ஒரு இழுவை. பக்கத்து ரூம்ல லாரி நிக்குதோன்னு எட்டிப் பாக்கணும் போல இருக்கும். உக்காருங்க சார், ஏன் நிக்கிறீங்க? அய்யய்ய, அந்த ஸ்டூல் வேணாம், ஆணி துருத்திக்கிட்டிருக்கு. இப்பிடி வாங்க. உங்க சேர்தானே? இருக்கு இருக்கு, உள்ள பத்திரமா இருக்கு. குஷன் தைக்கிறவன்கிட்ட குடுத்தது எங்க போயிடும்? மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க.

எம் மருமகளுக்கு வீட்டுல இருந்தபடியே வேலை சார். காதுல ஒண்ண மாட்டிக்குவா, வாய்க்கு முன்னால ஒரு மைக்கு. அவ்வளவுதான், நாள் பூரா யாராவது போன் பண்ணித் திட்டிக்கிட்டே இருப்பாங்க. வாஷிங் மெஷின் ஓடலன்னு ஒருத்தன், ஓடுனது நிக்கலன்னு ஒருத்தி. இவ என்னடான்னா, "உங்க சிரமம் புரியுதுங்க, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க"ன்னு கொஞ்சுறா. நானா இருந்தா பதிலுக்கு நாலு விட்டிருப்பேன். அதான் எனக்கு யாரும் அந்த வேலை குடுக்கல போல.

இவ தங்கமாத்தான் பேசுறா. பின்னாடி அந்தச் சனியன் கத்துதே! போன் பண்றவங்கெல்லாம், "ஏம்மா, பஸ்ஸுல போய்க்கிட்டே பேசுறியா?"ன்னு கேக்குறாங்களாம். இவளுக்கு மேல ஒரு மேடம் இருக்கா. 'இன்னொரு தடவ பின்னாடி சத்தம் கேட்டுது, வீட்டுல இருந்து வேலை பாக்குறதெல்லாம் கிடையாது, ஆபீசுக்குக் கிளம்பி வா'ன்னுட்டா. ஆபீசு ஊருக்கு அந்தக் கோடியில. இன்னைக்குப் பூரா அந்தம்மா இவ பேசுறத ஒட்டுக் கேட்டு முடிவு பண்ணப் போறாளாம். ஒட்டுக் கேக்குறதுக்குச் சம்பளம் பாருங்க!

அதுக்கு எம் பையன் என்ன சொல்றான்... "அப்பா, ஆபீஸ் பக்கத்துல ஒரு மாடி வீடு பாத்து வச்சிருக்கோம். சும்மா, ஒரு பேச்சுக்கு." பேச்சுக்காம்! தனிக்குடித்தனம்கிற வார்த்தைய எவ்வளவு நைசா முழுங்குறான் பாருங்க. சம்சாரம் போனதுக்கப்புறம் அந்த வீட்டுல நானும் அவனும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு 'ம்', 'ம்ம்', 'சரி'... அவ்வளவுதான் சார் பேச்சு. இந்தப் பொண்ணு வந்துதான் "மாமா, சாப்ட்டீங்களா? மாமா, கண்ணாடிய எங்க வச்சீங்க?"ன்னு வீட்டுல ஒரு குரல். எனக்கு அந்தக் குரல் வேணும் சார். வெக்கத்த விட்டுச் சொல்றேன். அவங்க போயிட்டா நான் அந்த வீட்டுல செவுத்தோடதான் பேசணும்.

அதனால நெஞ்சத் தட்டிச் சொல்லிட்டேன், "நீங்க எங்கயும் போக வேணாம், பொட்டிய நான் அடக்கிக் காட்டுறேன். புதுசெல்லாம் வாங்கக் கூடாது. ஓடுற பொட்டிய வச்சுக்கிட்டு யாராவது புதுசு வாங்குவாங்களா?"ன்னு.

மொதல்ல எதிர்க்கடைக்காரன வீட்டுக்குக் கூப்பிட்டேன். அதோ, வாசல்ல பழைய மானிட்டரா அடுக்கி வச்சிருக்கானே, அவன்தான். 'கம்ப்யூட்டர் டாக்டர்'னு போர்டு வேற. வந்தான், ஒரு பக்கத்தக் கழட்டினான், டார்ச் அடிச்சான். "அண்ணே, உள்ள தூசி அப்பிக்கிடக்கு. ஊதி எடுத்துட்டு, சின்ன ஃபேன எடுத்துட்டு மெதுவா சுத்துற பெரிய ஃபேனாப் போட்டு, சூடு இறங்கக் கொஞ்சம் பேஸ்ட் வச்சா சத்தம் அடங்கிடும். பெருசா செலவில்லண்ணே"ங்குறான்.

எனக்கு வந்துச்சே கோவம்! தூசி தட்டக் கூலியா? எங்கிட்டயா? சோபாவுல இருந்து நான் எடுக்குற தூசியக் கொட்டினா அவன் கடையே மூடிப்போகும்! அப்புறம் பேஸ்ட்டாம். அது என்ன பல்லா விளக்குது? எல்லாத்துக்கும் மேல, பெரிய ஃபேன் போட்டா சத்தம் குறையுமாம். சின்ன ஃபேனே இந்தக் கத்து கத்துது, பெருசு சும்மா இருக்குமா? யாரு தலையில மொளகா அரைக்கப் பாக்குறேன்னு கேட்டு அனுப்பிட்டேன். அன்னையில இருந்து என்னப் பாத்தா ஷட்டருக்குப் பின்னால போயிடுறான். போகட்டும்.

நாம செய்யாத வேலையா சார்? எத்தன வருஷமா ஃபோமு, பஞ்சு, ரெக்ஸின்னு பொழப்பு நடத்துறோம். கிரீச் கிரீச்சுன்னு கத்துற சோபாவெல்லாம் எங்கிட்ட வந்து ஊமையாப் போயிருக்கு. கத்துற வாய மூடணும், அவ்வளவுதானே? கடையில மிஞ்சுன துண்டு ஃபோம வெட்டி, பொட்டியச் சுத்தி ஒட்டினேன். போட்டுப் பாத்தா, அடடா... கம்முனு இருக்கு! மருமக கூட "பரவால்லியே மாமா"ன்னா. எனக்குத் தலைகால் புரியல.

ஒரு டீ குடிச்சு முடிக்கல சார். மறுபடி 'ஙொய்ய்ய்'. முன்ன லாரின்னா இப்ப ஏரோப்ளேன்! சரி, ஃபோம் பத்தலன்னு இன்னொரு அடுக்கு போட்டேன். கொஞ்ச நேரம் அடங்குச்சு. அப்புறம் அதுக்கும் மேல கத்துது. திமிர் புடிச்ச பொட்டி! நான் விடுவேனா? மேல ரெக்ஸின்ல ஒரு உறை தச்சேன். ஓரத்துல கயிறு வச்சுத் தச்ச பைப்பிங், நடுவுல நடுவுல பட்டன். நீங்க பாத்தா கம்ப்யூட்டர்னே சொல்ல மாட்டீங்க, பெரிய மனுஷன் வீட்டு முக்காலின்னுதான் சொல்லுவீங்க. எம் பையன் அது மேல உக்காரப் போனான்னா பாத்துக்குங்க.

என்ன சார்? பின்னாடி ஓட்டையா? ஆமா, ஒரு பக்கம் பூரா சல்லடை மாதிரி ஓட்ட போட்டு வச்சிருந்தான். சத்தம் வெளிய வர்றதே அது வழியாத்தானே! அதத்தான் மொத மொதல்ல அடைச்சேன், ஒட்டுப் பசை போட்டு. ஊசி முனை நுழையாது இப்ப. ...காத்தா? அதுக்கு எதுக்கு சார் காத்து? அது என்ன நம்மள மாதிரி மூச்சா விடுது? என்ன சார் நீங்களும் எதிர்க்கடைக்காரன் மாதிரியே பேசுறீங்க. சூடாகுதுதான், நான் இல்லேங்கல. தொட்டா கை சுடும். சுடட்டுமே, அதுக்கென்ன காய்ச்சலா வரப்போகுது?

சேரா... வருது வருது. இருங்க சார், ஏன் பறக்குறீங்க? விஷயமே இனிமேத்தான்.

நேத்து ராத்திரி படுத்து யோசிச்சேன். அடுக்கடுக்காப் போட்டும் அடங்கலன்னா என்ன அர்த்தம்? ஃபோம் மட்டம்னு அர்த்தம். துண்டு துக்கடா ஃபோம் எவ்வளவு தாங்கும்? கெட்டியான சரக்கு வேணும். கெட்டியான ஃபோமுன்னா கடையில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப... கோவிச்சுக்கக் கூடாது... நீங்க உங்க இடுப்பு வலிக்குன்னு ஸ்பெஷலா வரவழைக்கச் சொன்னீங்கல்ல, அது. அந்தப் பெரிய பலகை. வந்துச்சு சார், சத்தியமா வந்துச்சு! என்னா சரக்கு! அழுத்தினா எதுத்து நிக்குது. காலையில அதத்தான் வெட்டி, உறைக்குள்ள நாலு பக்கமும் திணிச்சு, வாயத் தச்சு, மருமககிட்ட "இப்ப பேசும்மா"ன்னு சொல்லிட்டுக் கடைக்கு வந்தேன்.

சார், சார்... எந்திரிக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாள்தான்! அந்த மேடம் கேட்டு முடிச்சதும் உங்க ஃபோம உருவிக் குடுத்துடுறேன். என்ன, அங்கங்க கொஞ்சம் வெட்டியிருக்கும். ஒட்டிடலாம். உங்க சேர் எலும்புக்கூடா நிக்குதுன்னு... அது எப்பிடி நீங்க பாத்தீங்க? ஓ, திரைய விலக்கிட்டீங்களா.

ஒரு நிமிஷம். போன். மருமகதான்!

சொல்லும்மா! ...என்னது? சத்தம் நின்னுடுச்சா? சார், கேட்டீங்களா சார்? சுத்தமா நின்னுடுச்சாம்! மூச்சு பேச்சே இல்லியாம்! நான் என்ன சொன்னேன்? எங்கடா அந்த டாக்டரு, வந்து கேக்கச் சொல்லுங்க! ...ஆங், சொல்லும்மா, கேக்குது. ...நின்னுடுச்சுன்னா... பொட்டியே நின்னுடுச்சா? நீ பேசிக்கிட்டிருக்கும்போதேவா? அந்த மேடம் கேட்டுக்கிட்டிருக்கும்போதேவா? ...திருப்பிப் போட்டுப் பாத்தியா? ...கருகுற வாடையா? ஃபோமு... ஒட்டிக்கிச்சா?

...ம். ...ம்ம். ...ஆபீசுக்கே வரச் சொல்லிட்டாளா. சரிம்மா. ...இல்ல, நீ எதுக்கும்மா என்னச் சமாதானப்படுத்துறே? நாலு திட்டு திட்டேன்! நாள் பூரா அடுத்தவங்க திட்டுறதக் கேக்குறியே, மாமாவ ஒரு தடவ திட்டக் கூடாதா? ...ம். ...சாயங்காலம் ரெண்டு பேரும் போறீங்களா, வீடு பாக்க. ...இல்ல, நான் வரல. நான் வந்து என்ன பண்ணப் போறேன்? ...சாப்ட்டேன். சாப்ட்டேம்மா. வச்சிடுறேன்.

பாத்தீங்களா சார், அந்த நேரத்துலயும் சாப்ட்டீங்களா மாமான்னு கேக்குறா. சார்? ...சார்? இங்க உக்காந்திருந்த மனுஷன்... போயிட்டாரா. போறவர் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாது? அந்த எலும்புக்கூட்டையும் தூக்கிட்டுப் போயிட்டாரு.

யோவ், டாக்டரு! ஏ தம்பி! ஷட்டருக்குப் பின்னால ஒளியாத, நான் சண்டைக்கு வரல. அந்தப் பெரிய ஃபேன் இருக்காய்யா? ...அதான்யா, மெதுவா சுத்துமே, அது. பேஸ்ட்டும் எடுத்துக்க. தூசியும் நீயே ஊது, கேக்குற கூலியக் குடுத்துடுறேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள அது உயிரோட இருக்கணும், எம் மருமக வீடு பாக்கக் கிளம்புறதுக்கு முன்னால. உன் காலப் புடிக்கணுமா, சொல்லு, புடிக்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவரா? அது கிடக்கட்டும்யா, மொதல்ல நல்ல கத்தியா ஒண்ணு எடுத்துட்டு வா. பைப்பிங்குக்கு ரெட்டத் தையல் போட்டிருக்கேன், என் தையல் லேசுல பிரியாது.