கண்ணால் எழுதியவர்

லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது. பழைய ஸ்கூட்டரைப் பத்து முறை பிரித்துப் பூட்டி ஓட்டுகிறோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த இரக்கம் கிடையாது. புது சிஸ்டம் வந்ததும் பழைய பெட்டி திணறுகிறது, உடனே குப்பை என்கிறார்கள்.

அந்த லேப்டாப் வழியாகத்தான் என் கணவர் வெங்கடராமன் பேசிக்கொண்டிருந்தார். நரம்பு வியாதி. கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் போனது. இமையைக்கூட நினைத்தபடி மூட முடியாது. கருவிழி மட்டும் நகரும். திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். அவர் எதைப் பார்க்கிறார் என்று ஒரு சின்னக் கேமரா கண்டுபிடிக்கும். வாக்கியம் முடிந்ததும் லேப்டாப் அதை உரக்கச் சொல்லும். எங்கள் மகன் ரித்விக் பொருத்திக் கொடுத்தது.

அதற்கு முன் சில மாதங்கள் அவர் பேச்சில்லாமல் கிடந்தார். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கல்யாணமான பிறகு முதல்முறையாக அந்த மாதங்களில்தான் சமையலறையில் ரேடியோ வைத்துக்கொண்டேன். மெஷின் வந்த அன்று உறவுக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஆவல்.

"ஜெயா, ரேடியோவ அணை" என்றது மெஷின்.

எல்லோரும் சிரித்தார்கள். ரித்விக் அழுதான். நான் போய் அணைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அரசாங்க வேலையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினார். வீட்டில் என்னைத் திருத்தினார். அவ்வளவுதான்.

போன வருஷம் திரையில் ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியது. ரித்விக் என்னை உட்காரவைத்துச் சொன்னான்: "அம்மா, புது சிஸ்டம் கேக்கற மெமரி இதுல இல்ல. போட்டா ஹேங் ஆயிடும். கேட்டா 'அப்புறம்'னு அழுத்து, போதும்."

அவன் ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு 'இப்போதே' என்பதை அழுத்தினேன். விரல் தவறிவிட்டது என்று அவனிடம் சொன்னேன்.

பிறகு அவர் ஓர் எழுத்தைப் பார்த்தால், அது வருவதற்குள் காபி ஆறிவிடும். கொஞ்ச நாளில் கேமராவையே லேப்டாப்புக்கு அடையாளம் தெரியவில்லை. ரித்விக் என்னைக் குறை சொல்லவில்லை. எதையும் தாங்கும் என்று பெரிய மெஷினாக ஒன்று வாங்கி வந்தான். அது அவர் கண்ணுக்குப் பழக, திரையில் நகரும் புள்ளியை அவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். ரித்விக் அதைப் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை காலை குழாய் வழியாகக் கொடுத்த கஞ்சியில் அவருடைய தூக்க மாத்திரையைக் கரைத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும்.

"அப்பாக்குக் கண்ணும் போயிடுத்தும்மா" என்றான் ரித்விக். இந்த வியாதியில் அப்படியும் ஆகலாம் என்றார் டாக்டர். அவர்கள்தான் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

புது மெஷின் தூசி படிய வேண்டாம், நீ எடுத்துக்கொள் என்று ரித்விக்கிடம் சொன்னேன். அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் புது கேம் எதுவும் ஓடாது, பாதியில் நின்றுவிடும். இதில் மழை பெய்தால் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பாவம், எவ்வளவோ நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தான்.

அவர் நிறுத்தவில்லை. திரை இருந்த இடத்தில் வெறும் சுவர், அதில் எழுதினார். தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் எந்த எழுத்து எந்தக் கட்டம் என்று எனக்கு மனப்பாடம். தண்ணி. முதுகு. ரித்விக்கக் கூப்பிடு. முதுகைத் திருப்பிவிடுவேன், கேட்டதற்காக இல்லை, திருப்பும் வேளை வந்தால்.

உதவிக்கு வரும் லட்சுமம்மா ஒருநாள் சொன்னாள்: "அம்மா, ஐயா சும்மா பாக்கல. கண்ணு ஓடி ஓடி நிக்குது. என்னமோ கேக்கறாரு."

வியாதியின் லட்சணம் என்றேன். அவள்தானே உங்களிடம் வந்து புகார் சொன்னது? நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது அந்தச் சுவரில் போர்வையை மாட்டியிருக்கிறேன். அப்படியும் அந்த அறைக்குள் போனால் என் கண் தானாகக் கட்டம் கட்டமாக நகர்கிறது. சில சமயம் வார்த்தை சேர்ந்துவிடுகிறது. முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன்.

அவர் போன அன்று மத்தியானம் லட்சுமம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவருக்குத் தொண்டையில் சளி அடைத்தது. உறிஞ்சி எடுக்கும் கருவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அதைப் போடத் தெரியும். ரித்விக் அடுத்த அறையில் ஹெட்போனோடு இருந்தான். அவர் 'மூச்சு' என்று எழுதினார். திரும்பவும் அதையே எழுதினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன்.

பிறகு அதை விட்டுவிட்டு 'ஜெயா' என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை நான் பாதியில் வெட்டியது அந்த ஒரு தடவைதான்.