முழுப்பரீட்சை வரை பொறுக்காத நெஞ்சு

நாளை இரங்கல் கூட்டத்தில் நான் மேடை ஏறும்வரை இந்தப் பேச்சை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முன்பே தெரிந்தால் என்னை மேடை ஏற விடமாட்டார்கள்; பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் என் அம்மாவின் வேலையும் போய்விடும்.

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! ஆசிரியர்களே! அழுது சிவந்த கண்களோடு நிற்கும் தோழிகளே! வணக்கம்.

எங்கள் அறிவியல் ஆசிரியையை மூச்சு டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பாடத்துக்கு முன் ஒரு நிமிடம் நிதானமாக மூச்சுவிடச் சொல்வார். அந்த ஒரு நிமிடத்தையும் வீண் என்று நிறுத்தியது யார்?

"நாய் துரத்தினா நெஞ்சு படபடன்னு அடிக்கும், ரத்தக் கொதிப்பு ஏறும். நாய் போனா அடங்கிடும். போகவே இல்லன்னா?" என்று ஒருநாள் கேட்டார்.

"செத்துருவோம் டீச்சர்!"

"அவ்வளவு அவசரம் வேண்டாம்டி. நல்லா தூங்குங்க, நடங்க. வலிச்சா வாயத் திறந்து வலிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார், தலைமையாசிரியை அவர்களே! நெஞ்சு இறுகுகிறது, டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தவள் நான். "பரீட்சை வந்தா எல்லாருக்கும் இதே நடிப்பு" என்றீர்கள். சிவப்பு மையில் 'தேர்வுக்குப் பிறகு' என்று எழுதி என்னிடமே நீட்டினீர்கள்.

டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார். "சரி, முழுப்பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கோன்னு நெஞ்சுகிட்ட சொல்லிப் பாக்குறேன். நீ இதைக் கிழிச்சுப் போட்டுடு."

நான் கிழிக்கவில்லை. என் அறிவியல் நோட்டுக்குள் இருக்கிறது. ஆறாம் நாள் டீச்சர் விடைத்தாள் கட்டின்மேல் சரிந்தார். மாரடைப்பு.

இங்கே படிக்கச் சொல்லி எனக்கு ஓர் உரை தந்திருக்கிறீர்கள். 'தன் உடல்நலத்தைப் பொருட்படுத்தாத தியாகச் சுடர்'! நீங்கள் சொல்லச் சொல்ல அதைத் தட்டச்சு செய்தவர் என் அம்மா. வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார். பொருட்படுத்தாதது யார்? டீச்சரா? டீச்சரின் படத்துக்கு மாலை போட்ட கைதானே சிவப்பு மையில் எழுதியது? சீ!

டீச்சர், உங்கள் வேலையை நான் தொடர்வேன். உங்கள் விடுப்புக் கடிதத்தை இந்த மைக்கில் படிப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் சொல்வேன். வலிக்கிறவர்கள் எல்லோரும் வாய் திறக்கும்வரை…

கதவு தட்டும் சத்தம். அம்மா.

"இன்னும் தூங்கலையா? அந்தத் தைலத்தை எங்கடி வச்ச? மூணு நாளா தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. லீவும் கேக்க முடியாது."