செல்லம் பெயரில் ஒரு கடை

சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கழுவித் துடைத்து, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பேன். செல்வராணியிடம் கேட்டுப் பாருங்கள்.

"அலமாக், ஐயா! இனிப்புநீர்க்காரங்க வீட்டிலேருந்து தினமும் சீனியா வருது. எங்களையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாக்குறீங்களா?" என்று கேட்டில் நின்று சிரிப்பாள். நான் சிரித்ததில்லை.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தவன். அவள் அப்பா வேலு அங்கே பால்மரம் வெட்டியவன். என் மேசைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பான். இன்று அவன் மகள் நாங்கள் குடியிருக்கும் தாமானில், எங்கள் வீட்டு வரிசைகளுக்கு நடுவிலேயே, ஒரு தொண்டு அமைப்பை நடத்துகிறாள். காலியாகக் கிடந்த கடைவீட்டைச் சமையற்கூடமாக்கி, பின்னால் கீரை போட்டு, வேலையில்லாத பெண்களைக் கொண்டு சமைத்து விற்கிறார்கள். நோயாளிகளுக்கு வீடு தேடிச் சாப்பாடு வருகிறது. நல்ல காரியம்தான், மற்றவர்களுக்கு.

சர்க்கரை நோயாளியான என் மனைவி செல்லத்துக்கு அந்தச் சாப்பாடு பிடித்துவிட்டது. எனக்குப் பார்த்தாலே குமட்டும். யார் யார் கையோ பிசைந்தது, யார் யார் வேர்வையோ சொட்டியது. அவள் விரலை நக்கித் தின்றாள். சர்க்கரை இறங்கியது. நடக்க ஆரம்பித்தாள். நடந்து அந்தக் கூடத்துக்கே போனாள். வேலு வகையறாவோடு ஒரே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். திரும்பி வரும்போது அந்தக் கூட்டத்தின் வாடை அவள் சேலையில் ஒட்டிக்கொண்டு வரும்.

பிறகு கடைப் பேச்சு வந்தது. அவள் வைக்கும் முருங்கைக்கீரை சூப்புக்கு இரவுச் சந்தையில் தனிக் கடையாம்.

"'செல்லம் அம்மா சூப்'னு போர்டு வைக்கிறோம், ஐயா. அம்மா இனிமே முதலாளியம்மா லா!" என்றாள் செல்வராணி.

செல்லம் தலையைக் குனிந்துகொண்டு, "ஏங்க, என் பேரை யாரும் எழுதி வச்சு நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள்.

பெரிய கிராணி அர்ச்சுனன் மனைவி, பேரம் பேசும் கும்பலுக்கு முன்னால், கையில் கரண்டியோடு.

அந்த வாரமே கீரைப் பாத்தியில் கண்ணாடித்துண்டு அவள் காலைக் கீறியது. சின்னப் புண். ஆறும்வரை வீட்டில் இரு, கட்டு நான் போடுகிறேன் என்றேன். செல்வராணி கொண்டுவந்த சாப்பாட்டைக் கேட்டிலேயே வாங்கிப் பின்பக்கக் கால்வாயில் கொட்டினேன். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று அவளிடம் சொன்னேன். அவர்கள் நிறுத்திவிட்டார்கள், உன்னை மறந்தே போனார்கள் என்று செல்லத்திடம் சொன்னேன். வெள்ளைச் சோறும், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் நானே கொடுத்தேன்.

"கல்யாணமாகி இப்பத்தாங்க உங்க கையால தேத்தண்ணி குடிக்கிறேன்" என்று அவள் அழுதாள். இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினேன்.

தெரியாமல் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். நான் எதையும் தெரியாமல் செய்கிறவன் இல்லை. புண் கறுத்தது தெரியும். புழு வைத்தது தெரியும். அந்த நாற்றத்திலும் முகம் சுளிக்காமல் கட்டுப் போட்டேன். நிற்க முடியாதவளை யாரும் கடையில் நிறுத்த முடியாது. அதற்காகத்தான் செய்தேன்.

நாற்றம் வாசல் கேட் வரை வந்துவிட்டது போலிருக்கிறது. செல்வராணி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். செருப்புக் காலோடு படுக்கையறைவரை போனாள். அதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். கண் விழித்ததும் செல்லம் ராணியைத்தான் தேடினாளாம். என்னை உள்ளே விட வேண்டாம் என்றாளாம். மயக்கத்தில் உளறுகிறாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். பிறகு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொரு கால் இருக்கிறதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.