சும்மா மாத்திரை

உட்காருங்கள் டாக்டர், நின்றுகொண்டே கேட்டால் கால் வலிக்கும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச வரும்.

என் வீட்டுக்காரர், கொழுந்தன், நாத்தனார் மூவருக்கும் பரம்பரைக் கொழுப்பு. ரத்தத்தில்தான், வாய்க்கொழுப்பு தனி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஈரலில் கொழுப்பு சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை எழுதினீர்கள். நாத்தனாருக்கும் அதையே கொடுத்ததில் கைகால் பிடித்துக்கொண்டது. குடல் கொழுப்பை உறிஞ்சாமல் தடுக்கும் மாத்திரையை அவளுக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை.

"என் மாத்திரைதான் ராஜா," என்பார் கொழுந்தன்.

"உன் ராஜாதான் என் முழங்காலை முடக்கிப் போட்டாரு," என்பாள் நாத்தனார்.

முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "உனக்கென்னடி தெரியும்? மொதல்ல சமையல்ல உப்பை ஒழுங்கா போடு."

கல்யாணமான நாளிலிருந்து அதே சிரிப்பு. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

ஒப்பிடுவதென்றால் மருந்தே சாப்பிடாத ஒருவரும் வேண்டும் டாக்டர். இல்லாவிட்டால் மருந்து எவ்வளவு குறைத்தது என்று எதைக்கொண்டு சொல்வது? மாத்திரை டப்பாக்களை நிரப்புவது எப்போதும் நான்தான். ஒரு டப்பாவில் மட்டும் அதே அளவில், அதே வெள்ளையில் சுண்ணாம்புச்சத்து மாத்திரையைப் போட்டேன். பாவம், எலும்புக்காவது நல்லதுதானே.

முடிவுகள் அருமையாக வந்தன. கொழுந்தனுக்குப் பாதியாகக் குறைந்தது. நாத்தனாருக்குக் கொஞ்சம் குறைந்தது, முழங்காலும் தேவலை. என் வீட்டுக்காரருக்கு மளமளவென்று ஏறியது. நேற்று மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத்தான் நீங்கள் அடைப்பு நீக்கிக் காப்பாற்றியிருக்கிறீர்கள். மருந்து ஏன் கேட்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். வீரியம் கூட்டி எழுதவும் வேண்டாம். இன்னும் ஒரு மூன்று மாதம் இப்படியே விட்டால் முடிவு உறுதியாகிவிடும்.

அவரை வேண்டுமென்று தேர்ந்தெடுத்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, அவர் கையாலேயே ஒன்றை எடுக்கச் சொன்னேன்.

மூன்று சீட்டிலும் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.